துண்டுக்கடியில் சொன்ன வலி

எலும்புக்கு அரசாங்கக் காப்பீட்டு கார்டு செல்லும். இருதயத்துக்குச் செல்லும். கண்ணுக்கு, காதுக்கு, கிட்னிக்கு எல்லாம் செல்லும். "வலிக்கு மட்டும் செல்லாதும்மா" என்று மூன்றாவது ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் இருந்தவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் தலைக்கேறினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. எழவு வீட்டில் சிரித்து அடி வாங்கியவள் நான்.

"ஏங்க, வலி இல்லாமயா எலும்பு ஒடையுது?" என்று கேட்டேன்.

"எலும்பு ஒடஞ்சா எலும்புக்கு அப்ரூவல் குடுப்பாங்கம்மா. வெறும் வலிக்குத் தனியா டாக்டர் வேணும். எங்ககிட்ட அந்த டாக்டர் இல்ல" என்றார். பாவம், அவருக்கும் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

வலி எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. அவர் மாட்டுத் தரகர். பழனிக்கு அந்தப் பக்கம் கீரனூர்க்காரர். என்னைத் தவிர யாரையும் 'ங்க' போடாமல் கூப்பிட மாட்டார். மாட்டைக்கூட "கொஞ்சம் தள்ளி நில்லுங்" என்றுதான் சொல்வார். நான் வத்தலக்குண்டு பக்கம் சேவுகம்பட்டி. நான் வாயைத் திறந்தால் நாலு கடை தள்ளி இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து திண்டுக்கல்லில் குடித்தனம் நடத்தி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. இந்த ஊரில் காப்பீட்டு கார்டு வாங்கியவர்களில் பாதிப் பேருடைய ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் என் மெஷின் கண்ணாடியில் படுத்து எழுந்தவைதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. எந்த ஆபீசில் எந்தக் காகிதம் கேட்பார்கள், எத்தனை நகல் கேட்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

போன வருஷம் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு காளையை லாரியில் ஏற்றும்போது அது வெடுக்கென்று பின்னால் இழுத்திருக்கிறது. கயிற்றை விட்டிருக்கலாம். விடவில்லை. பலகையிலிருந்து சறுக்கி, உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார். இடுப்பில் ஆரம்பித்த வலி தொடை வழியாக இறங்கி குதிகாலில் போய் நின்றது. ஏன் விடவில்லை என்று கேட்டதற்கு, "கயித்த உட்டா மாடு போயிருமுங்களே" என்றார். மாடு போகவில்லை. இவர்தான் போனார்.

எட்டு மாதம் அவர் உட்காரவே இல்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் முகம் வெளுத்துவிடும். ஹாலில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடப்பார். சாப்பாடு நின்றபடி, பிரிட்ஜ் மேல் தட்டை வைத்து. வெஞ்சனம் என்ன என்று குனிந்து பார்க்க முடியாததால் நான் சொல்லச் சொல்லச் சாப்பிடுவார். "இது பீட்ரூட்டு. அது அப்பளம்." பெரிய ஓட்டல் மாதிரி இருக்கும்.

தொழிலை விட முடியுமா? படுத்த இடத்திலிருந்தே வீடியோ காலில் மாடு பார்த்தார். "பல்லக் காட்டச் சொல்லுங். வாலத் தூக்குங்" என்று இவர் இங்கிருந்து கத்த, அந்தப் பக்கம் யாரோ மாட்டின் வாய்க்குள் போனை நுழைப்பார்கள். எங்கள் ஹால் முழுக்க மாட்டின் நாக்குத் தெரியும். ஆனால் விலை என்று வந்ததும் வியாபாரம் நின்றுவிடும். ஏனென்றால் என் வீட்டுக்காரர் வாயால் விலை சொல்ல மாட்டார்.

மாட்டுச் சந்தையில் யாரும் சொல்வதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், கைகள் மேல் ஒரு துண்டைப் போடுவார்கள். துண்டுக்கடியில் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஐந்தையும் சேர்த்து அள்ளினால் ஐந்து. அதற்கு மேல் போனால் ஒரு தரம் விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். படிந்துவிட்டால் உடனே கையை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறமும் ஒருவன் கையை விடாமல் பிடித்திருந்தால் பேரம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

இதே வழக்கம் இவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் மகளின் பிளஸ் டூ மார்க்கைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, இவர் தோளிலிருந்து துண்டை எடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தக்காளி என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் கதவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இப்படிப்பட்டவருக்கு, வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர்கள் எண்ணிலேயே கேட்கிற ஒரு வியாதி வந்தது பாருங்கள்.

முதலில் பார்த்த எலும்பு டாக்டர் ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், கார்டிலேயே முடியும் என்றார். இவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டையே தொடவில்லை. "முதுகுல கத்தி பட்டுட்டா அப்புறம் நான் கயிறு புடிக்க முடியுங்களா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். வேறு ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தோம். அவர், "கத்தி இப்ப வேண்டாம். நரம்பு பக்கத்துல எக்ஸ்ரே பாத்துக்கிட்டே ஒரு ஊசி போடலாம். அதுக்குன்னே வலி டாக்டர் இருக்காங்க. அவங்களப் பாத்துட்டு அப்புறம் யோசிங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஊசியைக் கைக்காசில் போடுகிற நிலையில் நாங்கள் இல்லை. ஆக, கார்டை ஏற்கிற வலி டாக்டர் கிடைத்தால் ஊசி. கிடைக்காவிட்டால் கத்தி, இல்லை என்றால் ஆயுசுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. விஷயம் இவ்வளவுதான்.

நான் ஒரு நோட்டுப் போட்டுத் தேட ஆரம்பித்தேன். கடையில் மெஷின் ஒரு பக்கம் நகல் துப்பிக்கொண்டிருக்கும், நான் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு விசாரிப்பேன்.

"வலி டாக்டர் இருக்காங்களா?"

"எந்த வலிம்மா? வலின்னா எல்லா டாக்டரும் பாப்பாங்களே."

"இல்லைங்க, வலிக்குன்னே படிச்ச டாக்டர்."

"அப்படி ஒரு படிப்பு இருக்கா?" என்று போனை எடுத்த ஆஸ்பத்திரிப் பெண் என்னிடமே கேட்டது. இருக்கிறது என்று நான்தான் விளக்கிச் சொல்லி, எழுதியும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஓரிடத்தில் வலி டாக்டர் இருந்தார், கார்டு எடுப்பதில்லை. இன்னோரிடத்தில் கார்டு எடுத்தார்கள், வலி டாக்டர் போன மாதம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார். மூன்றாவது இடம்தான் முதலில் சொன்னேனே, அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். எனக்குப் பூசாரிகள் எல்லாம் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். கோயில்தான் கிடைக்கவில்லை.

இவருடைய சந்தைக் கூட்டாளிகளும் சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு நம்பர் அனுப்பினார்கள். அதில் ஒன்று நன்றாகப் பேசியது. எத்தனை மாதமாக நொண்டுகிறது, தீனி எடுக்கிறதா, படுத்தால் தானாக எழுந்திருக்கிறதா என்று அவ்வளவு அக்கறையாகக் கேட்டார். நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "கன்னு எத்தன போட்டிருக்கு?" என்று கேட்டபோதுதான் அவர் மாட்டு டாக்டர் என்று விளங்கியது. "ஒண்ணே ஒண்ணுதாங்க, பொம்பளப் புள்ள, கோயம்புத்தூர்ல வேல பாக்குது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கடையில் நகலெடுக்க வந்தவர்கள் நான் சிரிப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள்.

அப்புறம் நாலாவது ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய கட்டடம், படியெல்லாம் தேய்ந்து கிடந்தது. காப்பீட்டு கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"வலி டாக்டரா? புதன்கிழம மதுரையில இருந்து வர்றாங்க. மயக்க ஊசி டாக்டர்தான், வலிக்குன்னு தனியாப் படிச்சவங்க."

"கார்டு?"

"எடுப்போம்."

"வலிக்கு?"

"வலிக்குத்தாம்மா."

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். குழம்பு வாசம் என் கையில் ஒட்டியது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் கால் கிலோ அல்வா வாங்கினேன். வீட்டுக்குள் நுழைந்து, படுத்திருந்தவர் வாயில் ஒரு விள்ளலைத் திணித்துவிட்டுத்தான் விஷயத்தையே சொன்னேன். அவர் மென்றுகொண்டே, "ஊசி போட்டாச்சுங்களா?" என்று கேட்டார். கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைத்த கதைதான். ஆனால் அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

புதன்கிழமைக்கு நான் செய்த ஏற்பாடு இருக்கிறதே, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கார்டு, ரேஷன் கார்டு, ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், முன்னால் பார்த்த டாக்டர்களின் ஆறேழு சீட்டுகள் எல்லாவற்றையும் செட்டுக்கு ஐந்து நகல் எடுத்து, பின் அடித்து, மேலே பெரிய எழுத்தில் பெயரும் எழுதினேன். ஏற்கனவே மூன்று ஆஸ்பத்திரிக்கும் இதே செட்டைத்தான் கொடுத்திருந்தேன். தாலுகா ஆபீசே எழுந்து நின்று கும்பிடும் கட்டு அது.

ஆட்டோவில் அவர் உட்காரவில்லை. பின் சீட்டில் குறுக்கே படுத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, "கால உள்ள இழுங்க, பஸ்ஸு வருது" என்று கத்திக்கொண்டே வந்தேன். கவுண்டரில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். மெஷின் எடுக்கவில்லை. முப்பது வருஷம் கயிறு இழுத்த விரல், ரேகை எங்கே இருக்கும்? கட்டை விரல், ஆட்காட்டி விரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஊரில் எத்தனையோ பேருக்கு விலை சொன்ன விரல்கள் அந்த மெஷினிடம் வாயே திறக்கவில்லை. கடைசியில் இடது சுண்டு விரலை ஒத்துக்கொண்டது. முக்காடு அம்மா, "அல்ஹம்துலில்லா" என்றார். நான், "முருகா" என்றேன்.

அப்புறம் அந்த அம்மா என் கட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"அம்மா, இவுகளுக்கு வலி ரொம்பவா?"

"எட்டு மாசமா உக்காரலங்க."

"பெறகு ஏன் எல்லாச் சீட்டுலயும் வலி பத்துக்கு மூணுன்னு எழுதியிருக்கு?"

நான் வாங்கிப் பார்த்தேன். முதல் டாக்டரின் சீட்டில், ஓரத்தில், பத்தின் கீழ் மூன்று. அடுத்த சீட்டிலும் மூன்று. எல்லாவற்றிலும் மூன்று. ஊர்க் காகிதமெல்லாம் படிக்கத் தெரிந்த நான், இந்த ஒரே காகிதத்தை இருபது தரம் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து நகலெடுத்திருக்கிறேன், ஒரு தரம் கூட நிமிர்த்திப் படிக்கவில்லை. வெளிச்சம் ஓடியதைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும்.

"மூணுக்கெல்லாம் ஊசிக்கு அப்ரூவல் கேட்டா அனுப்ப மாட்டாங்கம்மா. மாத்திரை சாப்பிடச் சொல்லிருவாக" என்றார் அந்த அம்மா மெதுவாக.

சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தவரிடம் போனேன். "ஏங்க, மூணுன்னு யாரு சொன்னது?"

"நாந்தான் சொன்னேனுங்."

"மூணா? அம்புட்டுத்தானா ஒங்க வலி? அந்த மூணுக்காகவா நான் திண்டுக்கல் பூராவும் நாயா அலஞ்சேன்?"

"மெதுவாப் பேசு புள்ள. அவரு சைபர்ல இருந்து பத்து வரைக்கும் சொல்லுங்கன்னாரு. பத்து அவரு கேக்கற வெல. எடுத்த ஒடனே பத்துன்னா சம்மதம்னு கத்தியத் தூக்கிருவாரு. அதான் மூணுக்குக் கேட்டேன். பேசிப் பேசி ஏத்துவாருன்னு பாத்தேன். அவரு அப்படியே எழுதிக்கிட்டாருங்."

எட்டு மாதமாக இந்த மனுஷன் ஒவ்வொரு டாக்டரிடமும் மாடு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவருக்கும் பேரம் தெரியவில்லை. அவரவர் மூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"நெசமா எம்புட்டு? எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சில் பதினைந்து பேர் இருந்தார்கள். நான் கேட்கக் கேட்க, மாடு மாதிரித் தலையை மட்டும் ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வர ஆரம்பித்தது. அது நல்லதுக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இதையெல்லாம் கவுண்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்தே வந்துவிட்டார். "அண்ணே என்ன தொழில் பாக்குறாக?"

"மாட்டுத் தரகு."

"அதச் சொல்லுங்க! எங்க அத்தா, அதான் எங்க அப்பா, தோல் மண்டியில இருந்தவக. துண்டு போட்டாத்தான் வெல சொல்லுவாக. எங்க நிக்காஹ்வுக்கு எம்புட்டுப் பேருக்குச் சோறாக்கணும்னு கேட்டதுக்குக் கூட எங்க மாமா கையைத்தான் புடிச்சாக." அவர் என் காதருகே குனிந்தார். "வாயால வராதும்மா. துண்டப் போட்டுக் கேளுங்க."

நான் துண்டுக்குள் கை விட்டதே இல்லை. எந்தப் பெண்ணும் விட்டு நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்தத் துண்டைத் துவைத்திருக்கிறேன், காயப்போட்டிருக்கிறேன், கரை பிரிந்தால் தைத்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும்.

அதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். குட்டையாக, சுறுசுறுப்பான ஒரு பெண். எங்கள் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். இவரைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்தார், விரலை அழுத்தச் சொன்னார், குதிகாலில் பஞ்சால் தடவினார். அப்புறம் எல்லா டாக்டரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். "வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும் ஐயா? சைபர்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாத வலி."

இவர் வாயைத் திறந்தார். 'மூ' என்று உதடு குவிவதைப் பார்த்துவிட்டேன்.

"டாக்டரம்மா, செத்த நேரம் பொறுங்க" என்று நடுவில் விழுந்தேன். "இவரு எங்கிட்டச் சொல்லுவாரு. நான் ஒங்ககிட்டச் சொல்றேன்." அவர் தோளிலிருந்து துண்டை உருவி, என் வலது கை மேல் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். சந்தையில் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று அவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. "என்ன புள்ள இது?" என்றார். ஆனால் கை உள்ளே வந்தது. எவ்வளவு சொரசொரப்பான கை அது! அந்த விரல்கள் என் கையை இப்படித் தேடி வந்து பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"படுத்திருக்கும்போது" என்றேன், கெத்தாக, எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி.

ஐந்து விரலையும் அள்ளினார். விட்டார். மறுபடி ஒரு விரல். "ஆறு" என்று டாக்டருக்குச் சொன்னேன்.

"நிக்கும்போது."

ஐந்து. விட்டார். நாலு. "ஒம்பது" என்றேன். என் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"உக்காரும்போது?"

ஐந்து. விட்டார். மறுபடி ஐந்து. பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. மறுபடி விட்டு, என் சுண்டு விரலை மட்டும் பிடித்தார். ஒன்று.

"பதினொண்ணுங்க" என்றேன்.

"பத்து வரைக்கும்தாம்மா இருக்கு" என்றார் டாக்டர்.

"சந்தையில பத்தோட நிக்குமுங்களா?" என்றார் இவர். முகத்தில் ஒன்றும் காட்டாமல்தான் சொன்னார். அவருக்கு அது பழக்கம். எனக்குப் பழக்கமில்லை. நான் சிரிக்க ஆரம்பித்தேன். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது என் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. நின்றுகொண்டு சாப்பிட்டபோதெல்லாம் ஒன்பது. நடுவில் ஒரே ஒரு தரம், சொந்தக்காரர் கல்யாணத்தில், எனக்காக அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தாரே, அது பதினொன்று. நான் ஓட்டல் மாதிரி இருக்கிறது என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அங்கேயே, டாக்டர் முன்னாலேயே திட்டினேன். துண்டிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

டாக்டர் பத்து என்று எழுதினார். எழுதிவிட்டுப் பக்கத்தில் ஏதோ நீளமாக எழுதினார். "காலத் தூக்கிப் பாத்ததுலயே எனக்குத் தெரிஞ்சுது மூணு இல்லன்னு. ஆனா நோயாளி வாயால வரணும்" என்றார். கையால் வந்ததை அவர் வாயாலேயே வந்ததாக வைத்துக்கொண்டார், மகராசி.

நாலாம் நாள் அப்ரூவல் மெசேஜ் என் போனில் வந்தது. அந்த மெசேஜையே ஸ்கிரீன் ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, அதற்கும் இரண்டு நகல் எடுத்தேன். இந்தத் தரம் இரண்டு நகலையும் படித்தேன்.

அடுத்த புதன்கிழமை ஊசி. உள்ளே போகும்போது துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் வெளியே பெஞ்சில் அதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்து உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. முக்காடு அம்மா தன் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு சமோசாவை எடுத்துக் கொடுத்து, "சாப்பிடுங்கம்மா, இன்ஷா அல்லாஹ் நல்லா நடந்து வருவாக" என்றார். அரை மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். உட்கார்ந்திருக்கிறார் என்பதையே நான் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். மருந்து வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், முழுசாகப் போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது, கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மாட்டுக்கயிறும் கனம்தான் என்று நான் பக்கத்தில் நின்று சேர்த்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரம் நான் எண்ணைக் கேட்கவில்லை. கேட்க நாக்கு அரித்தது. ஆனால் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒரு நாள் ஹாலிலிருந்து வாசலுக்குப் போயிருந்தது. ஒரு நாள் பிரிட்ஜ் மேல் தட்டு இல்லை. தரையில் இருந்தது, இவரும் அதன் முன்னால் சம்மணம் போட முயற்சி செய்துகொண்டிருந்தார். "எந்திரிங்க, இம்புட்டு அவசரம் வேணாம்" என்று அதட்டினேன். அடுப்படிக்குள் போய் நின்று, தனியாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தேன். இந்த வயதில் இதெல்லாம் யாரும் பார்க்கக் கூடாது.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனபோது ஆட்டோ வேண்டாம் என்றார். டவுன் பஸ்ஸிலேயே நின்றபடி போனோம். டாக்டர் பார்த்து, நன்றாக இருக்கிறது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்போதும் எண் கேட்டார். இவர், "நல்லாருக்குதுங்" என்று மட்டும் சொன்னார். நானும் உள்ளே துண்டை எடுக்கவில்லை.

திரும்பும்போது சின்னாளபட்டி பஸ். ஜன்னலோரம் இரண்டு பேர் சீட்டு காலியாக இருந்தது. அவர் போய் உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்கு அப்புறம் ஒரு பஸ் சீட்டில், சாதாரணமாக, மற்ற எல்லோரையும் போல. கண்டக்டர் எனக்கு இலவச மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், இவரிடம் எங்கள் ஸ்டாப்புக்குக் காசு வாங்கினார். பஸ் கிளம்பி இரண்டு ஸ்டாப் போயிற்று. மூன்று போயிற்று. அவர் நெளியவில்லை, எழவில்லை. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"இப்ப எம்புட்டு?" என்றேன்.

அவர் முன் சீட்டைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். தோளிலிருந்து துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் போட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. துண்டுக்கடியில் என் மூன்று விரலைப் பிடித்தார்.

மூன்று. முதல் நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த அதே மூன்று. இன்றுதான் அது நிஜம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, பைபாஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். விலை படிந்துவிட்டது, கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. எங்கள் ஸ்டாப் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன், கை அப்படியே இருந்தது.

"என்னங்க, பேரம் இன்னும் முடியலையா?"

"முடியலீங். பேசாம வா அம்மிணி."

பஸ் எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டது. கண்டக்டர் வந்து நின்றார். "ஐயா, ஒங்க ஸ்டாப்பு போயிருச்சே. அம்மாவுக்குப் பரவாயில்ல, நீங்க டிக்கெட் எடுக்கணும்."

"கடேசி வரைக்கும் ஒண்ணு குடுங்" என்றார் என் வீட்டுக்காரர். வலது கை துண்டுக்கடியில் இருந்ததால், இடது கையாலேயே மேல் பாக்கெட்டுக்குள் துழாவிக் காசை எடுத்தார்.